கல் தூசியும் கை மூட்டும்

முடக்குவாத நோயாளர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் மிக எளியது, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பது. முழுமையான விடை அரிதாகக் கிடைக்கும் கேள்வியும் அதுவே. "வீட்ல சும்மாதாங்க இருக்கேன்" என்று கூறும் அம்மையார், இருபது ஆண்டுகள் கிரஷரில் ஜல்லிக் கூடை சுமந்தவராக இருக்கலாம். "அப்பா வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆச்சு சார்" என்று கூறும் மகனுக்கு, தாம் பிறப்பதற்கு முன் தந்தை எந்தப் பாறையில் துளையிட்டார் என்பது தெரியாதிருக்கலாம். இவர்கள் எதையும் மறைப்பவர்கள் அல்லர். கேள்வி இன்றைய நாளைப் பற்றியது என்று கருதி, இன்றைய நாளுக்கான விடையைக் கூறுகின்றனர். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் உள்ளே சென்ற தூசி நுரையீரலில் இன்றும் இருக்கிறது. அது மூட்டு நோயோடு சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதையும், அந்தப் பழைய வேலையை மருத்துவரிடம் கூறுவது ஏன் இன்றியமையாதது என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

முடக்குவாதத்தை நம் பக்கத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்றும் கூறுவதுண்டு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்பு அமைப்பு, தன் மூட்டுகளின் உள்ளுறையையே பகையாகக் கொண்டு தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. இரு கைகளின் சிறு மூட்டுகளும் ஒருசேர வீங்குதல், காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்திற்கும் மேலாக விரல்கள் மடங்க மறுத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். நூறு பேரில் ஒருவருக்கோ அதனினும் குறைவாகவோதான் இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. பெயரில் வாதம் என்றிருப்பதால் இது எலும்பு, மூட்டுகளோடு நின்றுவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இது இரத்தத்தின் வழியே உடல் முழுவதும் உலவும் நோய். கண், தோல், இரத்தக் குழாய், நுரையீரல் ஆகிய எதையும் இது தொடக்கூடும். அவற்றுள் நுரையீரலைத் தொடுவதே நாங்கள் மிகவும் கவலைப்படும் ஒன்று.

தூசி நோய் இதற்கு முற்றிலும் வேறான வழியில் வருவது. பாறை, மணல், களிமண் ஆகியவற்றில் சிலிக்கா என்னும் பொருள் உண்டு. பாறையை உடைக்கும்போதும் துளையிடும்போதும் அறுக்கும்போதும் அது நுண்தூசியாகப் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியேறிவிடும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்களே நுரையீரலின் கடைக்கோடிக் காற்றறைகள் வரை செல்கின்றன. அங்கே காவலிருக்கும் விழுங்கணுக்கள் அத்துகளை விழுங்கும். ஆனால் செரிக்க இயலாது. விழுங்கிய அணு மடியும், துகள் வெளிவரும், அடுத்த அணு அதை விழுங்கும். இந்த ஓயாத போராட்டத்தில் அழற்சி நீடித்து, சிறுசிறு தழும்புகள் உண்டாகி, நுரையீரல் இறுகுகிறது. இதுவே சிலிகோசிஸ். வேலையை விட்ட பின்னும் இது வளரக்கூடும் என்பதைக் கேட்டுப் பலர் வியப்படைகின்றனர். வேலையை விடலாம், உள்ளே சென்ற துகளை வெளியேற்ற வழியில்லை.

கோலாரிலிருந்து கார்டிஃப் வரை

இவ்விரு நோய்களும் ஒரே உடலில் சேரும்போது மார்பு எக்ஸ்ரேயில் தனித்தன்மை வாய்ந்த ஒரு தோற்றம் உண்டாகிறது என்று 1953ஆம் ஆண்டில் எழுதியவர் அந்தோணி காப்ளான் என்னும் மருத்துவர். அப்போது அவர் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள கார்டிஃப் நகரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோயை மதிப்பிட்டு இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கும் மருத்துவக் குழுவில் பணியாற்றினார். முடக்குவாதம் உடைய சுரங்கத் தொழிலாளர் சிலரின் படங்களில், வழக்கமான தூசிப் புள்ளிகளிலிருந்து வேறுபட்ட, உருண்டையான, விளிம்பு தெளிந்த கட்டிகள் தென்படுவதை அவர் கவனித்தார். இன்று அது காப்ளான் நோய்க்கூட்டு என்று மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நம் ஊர் வாசகர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. கார்டிஃப் செல்வதற்கு முன் காப்ளான் மருத்துவராக இருந்த இடம் கோலார் தங்கவயல். அரக்கோணம் வழியாகச் செல்லும் பெங்களூர் இரயிலில் ஏறிப் பங்காரப்பேட்டையில் இறங்கி, மாரிக்குப்பம் செல்லும் கிளை வண்டியைப் பிடித்தால் சேரும் இடம் அது. 1880களில் ஆங்கிலேயக் குழுமம் அங்கே சுரங்கத் தொழிலைப் பெரிதாகத் தொடங்கியபோது, பாறைக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் அன்றைய வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். அரக்கோணம் அன்று வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததே. தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் இழையாக ஓடுவது. குவார்ட்ஸ் என்பது ஏறத்தாழ முழுக்கச் சிலிக்கா. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் அப்பாறையைத் துளைத்தவர்களின் நுரையீரலில் தங்கம் தங்கவில்லை, சிலிக்கா தங்கியது. 1940களில் அங்கே மேற்கொள்ளப்பட்ட ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் இருந்தது கண்டறியப்பட்டது. அவ்வாய்வு குறித்து 1947இல் அறிக்கை எழுதியவர்களுள் காப்ளானும் ஒருவர். வேல்ஸ் நாட்டுத் தொழிலாளரின் படத்தில் வழக்கத்துக்கு மாறானதைக் கண்டுகொண்ட கண்கள், வழக்கமான தூசிப் படங்களைப் பார்த்துப் பழகிய இடங்களுள் ஒன்று நம் முன்னோர் பாறை உடைத்த அச்சுரங்கம். மருத்துவ நூல்களில் இதற்கு ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை என்பதனாலேயே இங்கே சற்று விரிவாகக் கூறினோம்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அங்கு வேலை செய்து ஊர் திரும்பியவர்களும் அவர்தம் பிள்ளைகளும் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

நம் பகுதியின் தூசி

சுரங்கம் இல்லாத ஊரில் இந்நோயைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் ஓடியது நம் ஊர் வழியே. தண்டவாளத்தின் அடியில் கொட்டப்படும் ஒவ்வொரு கூடைச் சரளைக்கல்லும் எங்கோ ஒரு பாறையை எவரோ உடைத்ததால் வந்தது. இன்றும் சாலைக்கும் கட்டடத்திற்கும் ஜல்லியும் எம்-சாண்டும் தரும் கல்குவாரிகளும் கிரஷர்களும் வட மாவட்டங்களில் நிறைந்துள்ளன. திருத்தணியிலிருந்து வடக்கே தெரியும் நகரி மலைகளின் பாறைக்குப் புவியியலாளர் இட்ட பெயரே நகரி குவார்ட்சைட். சிலிக்கா மிகுந்த பாறை வகைகளுள் அது ஒன்று.

குவாரி மட்டுமே தூசிக்கு இடம் என்று கருத வேண்டா. போர்வெல் வண்டியில் துளையிடுவோர், கிரானைட்டும் டைல்ஸும் உலர்வாக அறுப்போர், அம்மி ஆட்டுக்கல் கொத்துவோர், கோயில் சிற்ப வேலை செய்வோர், வார்ப்பாலைகளில் மணல் அச்சு செய்வோர், மணல் பாய்ச்சி இரும்பைத் துலக்குவோர் ஆகிய அனைவரும் இதே நுண்தூசியைச் சுவாசிக்கின்றனர். வீட்டுக்கு டைல்ஸ் பதிக்க வரும் இளைஞர், கட்டர் எந்திரத்தை மூடிய அறைக்குள் இயக்கும்போது எழும் வெண்புகையைக் கண்டிருப்பீர்கள். எங்கள் கருத்தில், இன்றைய தலைமுறையில் மிகுந்த கவலைக்குரியவர் அவரே. குவாரியில் வேலை செய்பவருக்குத் தாம் தூசியில் இருப்பது தெரியும்; டைல்ஸ் வேலையைத் தூசி வேலை என்று எவரும் கூறுவதில்லை.

தூசிக்கும் முடக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பு, இரண்டும் தற்செயலாக ஒருவரிடம் சேர்வது என்பதோடு முடிவதில்லை. சிலிக்காத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு முடக்குவாதமே கூடுதலாக வருகிறது என்று சுவீடன் நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பாறை துளைத்தலும் கல் உடைத்தலும் அங்கே குறிப்பாகப் பேசப்பட்ட தொழில்கள். தூசியோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால் ஆபத்து இவ்விரண்டின் கூட்டலையும் விஞ்சுகிறது. மூட்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் சிலருக்கு முதன்முதலாக அழற்சி கண்ட நுரையீரலிலேயே உருவாகின்றன என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அதாவது, கை விரல் வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நோயின் தொடக்கம் மார்புக்குள் நிகழ்ந்திருக்கக்கூடும். காப்ளான் கூறிய கட்டிகளும் சிலருக்கு மூட்டு வலி வருவதற்கு முன்பே படத்தில் தோன்றுவதுண்டு.

நெசவுத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் ஒரு சொல். குருவராஜப்பேட்டையிலும் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரங்களிலும் விசைத்தறி ஓசை கேட்காத தெரு குறைவு. மலேசியாவில் பெண்களிடையே நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், துணித் தூசியில் வேலை செய்தவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரியவந்தது. பஞ்சுத் தூசியால் காப்ளான் கட்டிகள் உண்டாவதில்லை. ஆயினும் "தறி ஓட்டினேன்" என்பதும் மருத்துவரிடம் கூறத்தக்க செய்தியே.

இவற்றைப் படித்து அச்சமடைய வேண்டா. கல் உடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முடக்குவாதம் வருவதில்லை. முடக்குவாதம் உடையவர்களில் மிகப் பெரும்பாலோர் கல் உடைத்தவர்கள் அல்லர். இரண்டும் சேர்ந்தவர்களிலும் காப்ளான் கட்டிகள் சிலருக்கே வருகின்றன. எண்ணிக்கை சிறிது, ஆனால் அச்சிறு எண்ணிக்கையினர் பிழையான பெயரில் சிகிச்சை பெறும் வாய்ப்பு பெரிது.

படி ஏறாதவருக்கு மூச்சு இரைக்காது

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள் என்பது நம் பகுதியில் குழந்தைக்கும் தெரியும். முன்பு ஒரே மூச்சில் ஏறியவர், இப்போது பாதியில் மூன்று முறை உட்கார்ந்தால் வீட்டார் உடனே கவனிப்பர். முடக்குவாதம் உடையவரிடம் இது நிகழ்வதில்லை. முழங்கால் வலியால் அவர் படியையே விட்டுவிட்டார். மலைப்பாதையில் வண்டியில் செல்கிறார். கடைக்கு நடப்பதில்லை, தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை. நுரையீரல் சிறிது சிறிதாக இறுகினாலும், அதற்கு அதிக வேலை கொடுக்காதவருக்கு அக்குறை தெரியவே தெரியாது. வினோதமாக, மூட்டு மருந்து நன்றாக வேலை செய்து, நடமாட்டம் கூடிய பின்னரே சிலர் "இப்பத்தான் மூச்சு வாங்குது" என்று வருகின்றனர். மருந்தால்தான் மூச்சிரைப்பு வந்தது என்று அவர்கள் எண்ணுவது இயல்பே.

ஆகவே வீட்டார் கவனிக்க வேண்டியவை மூட்டைத் தாண்டியும் உண்டு. சமதளத்தில் பேசிக்கொண்டே நடக்கும்போது வாக்கியம் நடுவில் நிற்கிறதா? குளித்துத் தலை துவட்டியதும் அமர்ந்து இளைப்பாற வேண்டியிருக்கிறதா? சளி இல்லாத வறட்டு இருமல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கிறதா? விரல் நுனிகள் பருத்து நகம் கிளி மூக்கு போல வளைகிறதா? இவற்றுள் ஒன்று இருந்தாலும் அடுத்த மாதச் சந்திப்புவரை காத்திராமல் வருவது நலம்.

மூச்சிரைப்பு உள்ளவர் அனைவருக்கும் தூசி நோய் என்று நாங்கள் முடிவு செய்துவிடுவதில்லை. முடக்குவாதத்தில் இரத்தசோகை பொதுவானது. அதுவே மூச்சு வாங்கச் செய்யும். இதயக் கோளாறு இருக்கலாம். முடக்குவாதம் தூசியின் துணையின்றித் தானாகவே நுரையீரலில் தழும்பை உண்டாக்கலாம். நுரையீரல் உறையில் நீர் சேரலாம். மிகச் சிலருக்கு மருந்தே நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை ஏற்படுத்தலாம். இவற்றைப் பிரித்தறிய மார்பு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், குழாயில் ஊதிக் காட்டும் சுவாசத் திறன் சோதனை, ஆறு நிமிட நடைச் சோதனை ஆகியவை உதவுகின்றன. கால் வலியால் ஆறு நிமிடம் நடக்க இயலாதவர் அதைச் சோதனைக்கு முன்பே கூறிவிட வேண்டும். இல்லையேல் மூட்டின் குறை நுரையீரல் கணக்கில் எழுதப்பட்டுவிடும்.

காசநோயா, கட்டியா, காப்ளானா?

காப்ளான் கட்டிகள் பெரும்பாலும் அரை சென்டிமீட்டர் முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை உருண்டையாக, நுரையீரலின் ஓரப் பகுதிகளில் காணப்படும். சில வாரங்களில் திடீரெனக் கூட்டமாகத் தோன்றும், பல ஆண்டுகள் அப்படியே இருக்கும், சில நடுவில் கரைந்து குழியாகும், சில சுண்ணாம்பேறும், சில தாமே மறையும். நம் நாட்டில் இத்தகைய படத்தைக் காணும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அடுத்து வருவது புற்றுநோய். இந்த வரிசையில் பிழையில்லை. காசநோய் நம்மிடையே மிகுதி. அதைத் தவறவிடுவது உயிருக்கே ஆபத்து.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. சளிப் பரிசோதனையில் கிருமி தென்படாதபோதும், படத்தை மட்டும் கொண்டு ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்கப்படும் நிலை வருவதுண்டு. நிழல் மறையவில்லை. மீண்டும் ஒரு சுற்று மருந்து. அதற்குள் முடக்குவாத மருந்து நிறுத்தப்பட்டு மூட்டுகள் கோணிவிடுகின்றன. காசநோய் என்ற சொல்லாலேயே அண்டை வீட்டார் விலகி நிற்க, மகளின் திருமணப் பேச்சு தடைப்பட்ட குடும்பங்களும் உண்டு. "இவர் பதினைந்து ஆண்டுகள் கல் உடைத்தவர், இவருக்கு முடக்குவாதம் உண்டு" என்ற இரு செய்திகளும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்தால், அந்தப் படத்தைப் பார்க்கும் மருத்துவர் வேறொரு வாய்ப்பையும் எண்ணிப் பார்த்திருப்பார். மூட்டு வலிக்கு ஒரு மருத்துவர், இருமலுக்கு வேறொரு மருத்துவர் என்று தனித்தனியே செல்லும்போது அந்த இரு செய்திகளும் சந்திப்பதே இல்லை.

இதன் மறுபக்கத்தையும் அழுத்தமாகக் கூறியாக வேண்டும். சிலிகோசிஸ் உடையவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பன்மடங்கு மிகுதி. காப்ளான் கட்டிகள் இருப்பவருக்குக் காசநோயும் உடன் இருக்கலாம். எனவே காசநோய் மருந்து உட்கொண்டு வருபவர் இக்கட்டுரையைப் படித்துவிட்டு, "எனக்குத் தூசி நோய்தான்" என்று தாமாக மாத்திரையை நிறுத்துவது பேராபத்து. ஐயம் இருந்தால் மருந்தைத் தொடர்ந்துகொண்டே கேளுங்கள். சளியில் கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் பரிசோதனை இன்று அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. அதிலும் தெளிவு பிறக்காவிடில், கட்டியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி சிலருக்குத் தேவைப்படும்.

மருந்தும் மாற்றமும்

காப்ளான் கட்டிகளைக் கரைக்கவென்று தனி மருந்து இல்லை. பலருக்கு அவை தொல்லை தருவதும் இல்லை. அவற்றைக் கண்காணித்தால் போதும். முடக்குவாதத்தை நன்கு கட்டுப்படுத்துவதும், மேலும் தூசி உட்செல்லாமல் காப்பதும், புகையை விடுவதும், காசநோய் வராமல் பார்த்துக்கொள்வதுமே சிகிச்சை. இவற்றுள் கடினமானது எது என்று கேட்டால், தூசியை விடுவதே என்போம். மாத்திரைக்கு மருந்துக் கடை உண்டு. வேறு வேலைக்கு அப்படி ஒரு கடை இல்லை.

மெத்தோட்ரெக்சேட் உட்கொள்வோர் பலர் இந்த மடலைப் படிப்பர். வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டிய மாத்திரை அது. நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஊறு நேரும். நுரையீரலைப் பாதிக்கும் என்று கேள்விப்பட்டு அதைத் தாமாக நிறுத்துவோர் உண்டு. அவ்வாறு பாதிப்பது அரிது. மூட்டழற்சி கட்டுக்கு மீறினால் வரும் கேடு அரிதன்று. ஆயினும், மருந்து தொடங்கிய பின் சில நாட்களிலோ வாரங்களிலோ புதிதாக வறட்டு இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல் ஆகியவை சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலப் பொடிகளை மூட்டு வலிக்கு வாங்கி உண்பவர்களும் அதை எங்களிடம் கூற வேண்டும். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க இடமுண்டு. தூசி படிந்த நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியை எழுப்ப அதுவே போதும்.

விலை உயர்ந்த ஊசி மருந்துகளைத் தொடங்குமுன் காசநோய்ச் சோதனை செய்கிறோம். அப்போது கல் வேலை பார்த்ததைக் கூறினால், கிருமி உறங்கும் நிலையில் இருக்கிறதா என்று கூடுதல் கவனத்தோடு தேடவும், தேவையெனில் தடுப்பு மருந்து கொடுக்கவும் இயலும். நிமோகாக்கல், இன்ஃபுளுயென்சா தடுப்பூசிகளைப் பற்றியும் கேளுங்கள்.

இன்னும் தூசியில் வேலை செய்பவர்களுக்கு, வேலையை உடனே விட்டுவிடுங்கள் என்று கூறுவது எளிது. அடுப்பு எரிய வேண்டுமே என்ற விடையையும் நாங்கள் அறிவோம். இயன்றவற்றைக் கூறுகிறோம். துளையிடும் இடத்திலும் அறுக்கும் இடத்திலும் தண்ணீர் விட்டால் தூசியின் பெரும்பகுதி எழும்பாமலேயே அடங்கும். முகத்தில் கட்டும் ஈரத் துண்டு கண்ணுக்குத் தெரியும் தூசியை நிறுத்தும். நோய் தரும் நுண்தூசியை நிறுத்தாது. என்-95 முகக்கவசம் மூக்கோடும் கன்னத்தோடும் இடைவெளியின்றிப் பொருந்தினால் பயன் உண்டு. முடக்குவாதத்தால் விரல் வலுவிழந்தவருக்கு அதன் பட்டையை இழுத்து மாட்டுவதே கடினம். உடன் வேலை செய்பவர் மாட்டிவிடலாம். கிரஷருக்குள் இருந்து வாயிற்காவல், கணக்கு, வண்டிச் சீட்டு போன்ற வேலைக்கு மாற வாய்ப்பிருந்தால், அதற்கு மருத்துவச் சான்று தர நாங்கள் அணியமாக உள்ளோம். வேலை உடையை வீட்டுக்குள் உதறாமல், வெளியிலேயே நனைத்துத் துவைப்பது வீட்டாருக்கும் நல்லது.

சான்று பற்றிப் பேசியதால் மேலும் ஒரு செய்தி. சிலிகோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வைத்தது. தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு இழப்பீடு கோரவும் சட்டத்தில் இடம் உண்டு. குஜராத்தின் குவார்ட்ஸ் ஆலைகளில் வேலை செய்து இறந்த மத்தியப் பிரதேசத் தொழிலாளர்கள் 238 பேரின் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்குமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நடைமுறையில் உரிமை பெறுவது, இன்ன இடத்தில் இன்ன காலத்தில் வேலை செய்தேன் என்பதை மெய்ப்பிப்பதைப் பொறுத்தது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, இ.எஸ்.ஐ. அட்டை, சம்பளச் சீட்டு, தங்கவயலில் வேலை செய்தவர் எனில் பழைய அடையாள வில்லை ஆகிய எதையும் எறிந்துவிட வேண்டா. நாங்கள் நோயாளர் ஏட்டில் தொழிலை எழுதும்போது "கூலி" என்று மட்டும் எழுதப்படுவதை நீங்களே தடுக்கலாம். "கிரஷரில் கல் போட்டேன், 1988 முதல் 2003 வரை" என்று கூறுங்கள். மருத்துவ ஏட்டில் அவ்வாறு பதிவான ஒரு வரி பின்னாளில் சான்றாக நிற்கும்.

வீட்டில் பெரியவர்களிடம் இதைக் கேட்டறிவது பிள்ளைகளின் பணி. சிலர் பேச விரும்பமாட்டார்கள். குவாரியில் முன்பணம் வாங்கி, அதை அடைக்க ஆண்டுக்கணக்கில் கொத்தடிமைகளாக உழைத்த குடும்பங்கள் வட தமிழ்நாட்டில் பல. அந்நாட்களை நினைக்கவே மனம் கூசுவோர் உண்டு. மருத்துவருக்கு முழுக்கதை தேவையில்லை என்று அவர்களிடம் கூறுங்கள். என்ன வேலை, எத்தனை ஆண்டு, தண்ணீர் விட்டு வேலை செய்தார்களா உலர்வாகவா, பீடி பிடித்தார்களா ஆகிய நான்கும் போதும்.

அடுத்த முறை வரும்போது பழைய எக்ஸ்ரே படங்கள் அனைத்தையும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். பல வீடுகளில் புதிய படம் எடுத்ததும் பழையது பரணுக்கோ குப்பைக்கோ சென்றுவிடுகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்தில் அதே இடத்தில் அதே அளவில் அக்கட்டி இருந்தால், புற்றுநோய் என்ற ஐயம் பெரிதும் குறையும். சிலருக்கு பயாப்சியே தேவைப்படாமல் போகலாம். படத்தை மடிக்காமல், வெயில் படாமல், அட்டைக்கு நடுவே வைத்துக் கொண்டுவாருங்கள். படத்தின் மூலையில் பெயரும் தேதியும் இருக்கின்றனவா என்று ஒருமுறை பாருங்கள். உறை கிழிந்திருந்தால் பாதகமில்லை.